பைக்குக்கும் ஆபீசுக்கும் ஒரே ஷூ போதுமா?

கேள்வி: அவிநாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து திருப்பூருக்குத் தினமும் போக 20 கி.மீ., வர 20 கி.மீ. பைக்கில் போகிறேன். பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. 150 சிசி வண்டி. முதல் கியர் கீழே, மற்ற நான்கும் மேலே. பல வருடமாகச் செருப்புதான். ஆறு மாதம் முன்பு ஸ்போர்ட்ஸ் ஷூ வாங்கினேன். நான்கே மாதத்தில் இடது ஷூவின் மூக்கு கிழிந்துவிட்டது. அதோடு ஒருநாள் சிக்னலில் லேஸ் எதிலோ மாட்டி, காலை ஊன்ற முடியாமல் வண்டியோடு சாய்ந்தேன். அடி இல்லை. ஆபீசில் கறுப்பு ஷூ கட்டாயம். கால் வேறு அதிகம் வேர்க்கும். இரண்டுக்கும் ஒத்துவருகிற ஒரே ஷூ உண்டா? செருப்புப் போட்டு ஓட்டினால் அபராதம் என்கிறார்களே, உண்மையா? காலையில் ஏழு வயது மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி பின்னால் உட்காருவார். அவர்களுக்கு என்ன வாங்குவது?

பதில்: அடிபடாமல் தப்பித்தது பெரிய விஷயம். நீங்கள் கேட்ட வரிசையை மாற்றி, லேஸிலிருந்தே தொடங்குகிறோம். ஏனென்றால் அது இன்றே சரிசெய்யக்கூடியது.

வண்டி நிற்கிற கடைசி நொடியில்தான் இடது கால் கீழே இறங்குகிறது. லேஸ் முடிச்சின் காது கியர் லீவர் முனையில் மாட்டியிருந்தால், கால் பாதி தூரம் வந்து நின்றுவிடும். மாட்டியிருப்பது தெரிவதற்குள் வண்டி இடப்பக்கம் சாய ஆரம்பித்திருக்கும். 140, 150 கிலோ எடை ஒருமுறை சாய்ந்துவிட்டால் பலசாலியாலும் பிடித்து நிறுத்த முடியாது. வலது ஷூவில் இதே காது கிக்கரிலோ பிரேக் பெடலிலோ மாட்டும். ஐந்து ஜோடி ஓட்டை உள்ள ஷூவுக்கு 90 செ.மீ. லேஸ் போதும். 120 செ.மீ. லேஸ் கோத்திருந்தால் முடிச்சுக்குப் பிறகு இரண்டு பக்கமும் நீளமாகத் தொங்கும். சின்ன லேஸாக மாற்றுங்கள், இரட்டை முடிச்சுப் போடுங்கள், மிஞ்சிய காதுகளைக் குறுக்கே போகும் லேஸின் அடியில் செருகிவிடுங்கள். வழவழப்பான உருண்டை லேஸ் ஓடும்போதே அவிழும். பட்டையான பருத்தி லேஸ் அப்படி அவிழாது.

அடுத்து, கிழிந்த மூக்கு. உங்கள் வண்டியில் இரண்டாம் கியரிலிருந்து மேலே போவதெல்லாம் கால் விரலால் லீவரைத் தூக்கித்தான். ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்குள் மூன்று நான்கு முறை தூக்குவீர்கள், இருபது கி.மீ. நகரப் போக்குவரத்தில் அது நூறைத் தாண்டும். ஸ்போர்ட்ஸ் ஷூவின் மேல்பகுதி காற்றுப் போக நெய்த வலைத்துணி. லீவர் தினமும் ஒரே இடத்தில் உரசினால் அந்தத் துணி எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் புது ஷூ வாங்கும் முன் லீவரைக் குனிந்து பாருங்கள். முனையில் ரப்பர் உறை இருக்கிறதா? அது தேய்ந்து ஓட்டை விழுந்தாலோ, கழன்று போயிருந்தாலோ உள்ளே இருக்கும் இரும்பு அரம்போல ராவும். உறை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் பொருள்தான். சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ளினால் ஏறிவிடும். எண்ணெய் தடவி ஏற்றாதீர்கள், பிறகு சுழன்றுகொண்டே இருக்கும்.

லீவரின் உயரமும் முக்கியம். செருப்புக்குப் பழகிய உயரத்தில் லீவர் இருந்தால், ஷூ போட்டதும் விரல் அடியில் நுழையாது. நீங்கள் முழங்காலை வெளியே திருப்பி, பாதத்தைச் சாய்த்து நுழைப்பீர்கள். உரசலும் கூடும், கியரும் சில சமயம் பாதியில் விழுந்து நியூட்ரலாகும். வண்டியில் உட்கார்ந்து, உள்ளங்காலை ஃபுட்ரெஸ்டில் வழக்கம்போல் வைத்தபடி, ஷூ மூக்கின் மேற்பரப்புக்கும் லீவர் ரப்பரின் அடிப்பாகத்துக்கும் நடுவே சுண்டுவிரல் முனை அளவு இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் லீவரை உயர்த்துங்கள். லீவர் நேரடியாக கியர் பெட்டியிலிருந்து வரும் தண்டில் பொருந்திய வண்டியில், லீவரை இறுக்கும் போல்ட்டை 10 எண் ஸ்பேனரால் தளர்த்தினால் மட்டும் போதாது, முழுவதுமாகக் கழற்ற வேண்டும். பல வண்டிகளில் போல்ட் தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். லீவரை வெளியே இழுத்து, தண்டைச் சுற்றியுள்ள பல் வரிசையில் ஒரே ஒரு பல் மேலே தள்ளிச் செருகுங்கள். இரண்டு பல் தள்ளினால் கீழே அழுத்தும்போது குதிகாலைத் தூக்க வேண்டிவரும். லீவருக்கும் தண்டுக்கும் இடையே இணைப்புக் கம்பி உள்ள வண்டியாக இருந்தால் இன்னும் சுலபம்: கம்பியின் இரண்டு முனையிலும் உள்ள லாக் நட்டுகளைத் தளர்த்திக் கம்பியைத் திருகினால் உயரம் மாறும். ஒரு முனையின் நட்டுக்கு எதிர்த்திசையில் சுற்றும் இடப்பக்க மரை இருக்கும், தவறான பக்கம் முறுக்கி மரையைக் கெடுத்துவிடாதீர்கள். முடித்ததும் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி எல்லா கியரும் விழுகிறதா, லீவர் எதிலாவது இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும்.

வலது காலிலும் இதே கணக்கு உண்டு. தடிமனான சோலுக்கு மாறியவர்கள், தெரியாமலே பிரேக் பெடலை லேசாக மிதித்தபடி ஓட்டுவார்கள். பின்னால் வருபவருக்கு உங்கள் பிரேக் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். டிரம் சூடேறும், மைலேஜ் குறையும். டிரம் பிரேக் வண்டிகளில் பெடல் பிடிக்கத் தொடங்கும் முன் 20 முதல் 30 மி.மீ. சும்மா இறங்க வேண்டும். புது ஷூ போட்ட முதல் நாள், பத்து கி.மீ. ஓடியதும் இறங்கிப் பின்சக்கர மையத்தின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். அனல் அடித்தால் பெடல் உயரத்தைச் சரிசெய்யும் நேரம் வந்துவிட்டது.

இனி எந்த ஷூ என்ற கேள்விக்கு வருவோம். எங்கள் முதல் அளவுகோல் ஒன்றே: விழும்போது காலிலேயே இருக்க வேண்டும். விபத்து நடந்த இடத்தில் ஒற்றைச் செருப்பு கிடப்பதைப் பார்க்காதவர் நம்மில் யாரும் இல்லை. அந்தச் செருப்பு எவ்வளவு தடிமனாக இருந்திருந்தாலும் பயன் இல்லை. தார் ரோட்டில் தேய்ந்தது வெறும் கால். வண்டி பக்கவாட்டில் சரியும்போது கால் வண்டிக்கும் ரோட்டுக்கும் நடுவே மாட்டுகிறது. முதலில் தரையைத் தொடுவது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பு மேடு. அங்கே விரலை வைத்துப் பாருங்கள். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே இல்லை. அதனால்தான் அந்த இடத்துக் காயம் ஆழமாகிறது, ஆறவும் நாள் எடுக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். எனவே கணுக்காலை மூடாத எந்த ஷூவும், விலை எவ்வளவாக இருந்தாலும், எங்கள் பார்வையில் பாதி ஷூதான்.

ஹவாய் செருப்பின் தீங்கு விழுவதற்கு முன்பே தொடங்குகிறது. அவசரமாகப் பிரேக்குக்குக் கால் போகும்போது தொளதொளத்த முன்முனை பெடலின் அடியில் மடங்கும். நீங்கள் மிதிப்பது பெடலை அல்ல, மடங்கிய ரப்பரை. மழையில் உள்ளங்கால் செருப்பின் மேலேயே வழுக்கி, வார் விரலிடுக்கை அறுக்கும். பின்வார் உள்ள சாண்டல் இதைவிட மேல். ஆனால் விரல் வெளியே தெரிகிற எதுவும் உங்கள் வண்டிக்கு ஆகாது. லீவரைத் தூக்குவது பெருவிரல் நகம்தான். நகம் கறுத்துக் கழல்வதற்கு அதுவே காரணம். நுரைச் சோல் கிளாக் (குரோக்ஸ் போன்ற செருப்பு) வகைக்கும் பதில் இதே. அதோடு அந்த நுரை சைலன்சரில் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது: கணுக்கால் எலும்புக்கு மேலே இரண்டு விரல்கடை ஏறுகிற, கறுப்பு நிற, உண்மைத் தோல் ஆங்க்கிள் பூட். முன்னால் லேஸ், உள்பக்கத்தில் ஜிப். லேஸை ஒருமுறை காலுக்குத் தக்கபடி கட்டிச் செருகிவிட்டால், தினமும் ஜிப்பைத் திறந்து போடலாம். ஜிப்பின் இழுப்பான் தொங்காமல் மேலே ஒரு மடிப்புக்குள் அடங்குவதாகப் பாருங்கள். தொங்கினால் இன்ஜின் கவரைக் கீறும். முன்பக்கம் அலங்காரத் தையல் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் பேன்ட்டுக்குக் கீழே சாதாரண ஆபீஸ் ஷூ போலத்தான் தெரியும். எலாஸ்டிக் வைத்த செல்சீ பூட் பார்க்க அழகு, மாட்டவும் சுலபம். ஆனால் எலாஸ்டிக் தளர்ந்ததும் காலோடு இருக்காது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் உங்கள் மாநிலத்திலேயே கிடைக்கும்போது, தோல் மாதிரி மினுங்கும் ரெக்சினுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ரெக்சின் லீவர் உரசலில் மேல்தோல் உரிந்து வெள்ளைத் துணி பல்லிளிக்கும். நல்ல தோலில் பாலிஷ் போட்டால் மறைகிற கறைதான் விழும்.

கடையில் ஐந்து நிமிடம் செலவிடுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. குதிகால் பகுதியைப் பின்னாலிருந்து கட்டைவிரலால் அழுத்துங்கள். அப்பளம்போல உள்ளே போனால் வைத்துவிடுங்கள். உள்ளே கெட்டியான அட்டையோ பிளாஸ்டிக்கோ வைத்துத் தைத்திருந்தால் அழுந்தாது. பிறகு மூக்கையும் குதிகாலையும் இரு கையால் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். கொஞ்சம் முறுகலாம், துண்டுபோல் சுருளக் கூடாது. முன்பக்கம் மடக்கினால் விரல் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும். நடுவில் மடங்கினால் சோலுக்குள் தகடு இல்லை என்று பொருள். ஃபுட்ரெஸ்ட் இரண்டு விரல் அகலக் கட்டைதான். தகடில்லாத மெத்தென்ற சோலில் அந்தக் கட்டை உள்ளங்கால் வளைவில் குத்தி, 20 கி.மீ. முடிவதற்குள் கால் மரத்துப்போகும். ஸ்போர்ட்ஸ் ஷூவின் இன்னொரு குறை இதுதான். கடைசியாக, இரண்டையும் போட்டு, லேஸைக் கட்டி, முடிச்சை அவிழ்க்காமல் ஒரு காலால் மற்றதன் குதிகாலைத் தள்ளிக் கழற்றப் பாருங்கள். கழன்றால் அது நடப்பதற்கான ஷூ, ஓட்டுவதற்கானது அல்ல.

சோல் ரப்பராக இருக்கட்டும். பிவிசி சோல் மழைக்காலத்தில் சிக்னல் வெள்ளைக்கோட்டிலும் பெட்ரோல் பங்க் தரையிலும் வழுக்கும்; நகத்தால் கீறினால் கெட்டியாக, பளபளப்பாக இருக்கும். 3, 4 மி.மீ. ஆழமுள்ள வரிகள் போதும். டிராக்டர் டயர்போல ஆழமான கட்டைகள் ஃபுட்ரெஸ்டில் சிக்கிக்கொள்ளும், காலை முன்னே நகர்த்தி லீவருக்கு அடியில் விடுவதற்குள் தடுமாறுவீர்கள். குதிகால் முன்பக்கம் ஒரு செ.மீ. படி இருந்தால் நல்லது. அது ஃபுட்ரெஸ்டில் பொருந்தி நிற்கும். எடை குறைவாக, மிருதுவாக இருக்கும் பியு (பாலியூரித்தேன்) சோல் வாங்குவதானால் உள்லேபிளில் தயாரிப்புத் தேதி பாருங்கள். பழைய சரக்கு வேண்டாம். பியு காற்றின் ஈரத்தைக் குடித்து உள்ளுக்குள்ளேயே சிதைகிறது. இரண்டு மூன்று வருடம் பெட்டியில் பத்திரமாக வைத்த ஷூ ஒருநாள் போட்டதும் மாவாக உதிர்வது அதனால்தான்.

அளவில் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறோம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து பார்த்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலம் என்று தெரிந்தது. நாம் வாங்குவதோ பெரும்பாலும் இங்கிலாந்து அளவு அச்சில் செய்த ஷூ. சுண்டுவிரல் நெருக்குகிறது என்று ஒரு எண் பெரிதாக வாங்குகிறோம். அகலம் சரியாகிவிடுகிறது, நீளம் மிஞ்சுகிறது. அந்த வெற்று மூக்குதான் லீவருக்கு அடியில் தேவைக்கு அதிகமாக நுழைந்து, காலை எடுக்கும்போது மாட்டுகிறது. குதிகாலும் தொளதொளவென்று ஏறி இறங்குகிறது. எண்ணைக் கூட்டாதீர்கள், அகல அச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், ஓட்டும்போது போடும் அதே சாக்ஸோடு போய் வாங்குங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. மிச்சம் இருந்தால் போதும்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால், ஃபாக்டரிகளில் போடும் சேஃப்டி ஷூவைப் பரிசீலிக்கலாம். ஐ.எஸ். 15298 பகுதி 2 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தால், விரல் மூடி 200 ஜூல் அடி தாங்கும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அளவு அடி அது. கணுக்கால் மூடிய மாடலாகக் கேளுங்கள். உங்கள் வண்டிக்கு ஒரு சிக்கல் உண்டு: இரும்பு மூடியால் மூக்கு உயரமாகி லீவருக்கு அடியில் நுழையாது, தூக்கும்போது கியர் விழுந்ததும் காலுக்குத் தெரியாது. லீவரை உயர்த்தினால் முதல் பிரச்சினை தீரும். இரண்டாவது பழகினால்தான் சரியாகும். விரலால் அழுத்தியே எல்லா கியரும் மாற்றும் நான்கு கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை.

ரைடிங் ஷூ என்று பெயரிட்டு ஸ்னீக்கர் வடிவத்திலும் இப்போது விற்கிறார்கள். பெயரை நம்ப வேண்டாம், ஷூ நாக்கின் உள்பக்க லேபிளைப் பாருங்கள். பைக் ஓட்டுபவரின் சின்னமும், ஈ.என். 13634 என்ற ஐரோப்பியத் தர எண்ணும், கீழே 1 அல்லது 2 என்று நான்கு இலக்கங்களும் இருக்க வேண்டும். வரிசையாக உயரம், ரோட்டில் தேய்வதைத் தாங்கும் சக்தி, வெட்டுப்படாமை, பக்கவாட்டில் நசுங்காமை. 2 என்றால் உயர்ந்த நிலை. நகர வேகத்துக்கு எல்லாம் 1 என்றாலும் சாதாரண ஷூவைவிடப் பல படி மேல். எண் இல்லாத ரைடிங் ஷூ, சாதாரண ஷூதான்.

ஒரே ஷூ என்ற ஆசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். மேலே சொன்ன பூட் இரண்டுக்கும் ஒத்துவரும். ஆனாலும் கால் அதிகம் வேர்க்கும் உங்களுக்கு, பழைய கறுப்பு ஆபீஸ் ஷூவை மேஜைக்கடியில் விட்டுவைத்து, போனதும் மாற்றிக்கொள்வதே நல்லது. பகல் முழுவதும் பூட் காற்றாடக் காயும், தோலும் நாற்றமில்லாமல் கூடுதல் காலம் வரும். இன்சோலைத் தினமும் இரவில் வெளியே எடுத்து வையுங்கள். முழு நைலான் சாக்ஸ் வேண்டாம். பருத்தி கலந்தது, ஷூவின் விளிம்பைத் தாண்டும் உயரத்தில். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்தால் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணியுங்கள், ஒரு மணி நேரத்தில் மாற்றுங்கள், நிழலில் மின்விசிறிக்கு நேராக வையுங்கள். வெயிலிலோ சூடான சைலன்சர் மேலோ காயவைத்தால் தோல் விறைத்து, விரல் மடங்கும் இடத்தில் வெடிக்கும்.

கிழிந்த ஸ்போர்ட்ஸ் ஷூவைத் தூக்கி எறிய வேண்டாம், நடைப்பயிற்சிக்கு ஆகும். புது பூட்டின் இடது மூக்கைக் காக்க, செருப்புத் தைப்பவரிடம் லீவர் படும் இடத்தில் ஒன்றரை மி.மீ. தடிமனுள்ள தோல் துண்டை ஒட்டித் தைக்கச் சொல்லுங்கள். இடத்தைக் கண்டுபிடிக்க லீவர் ரப்பரில் சாக்பீஸ் தடவி நாலு முறை கியர் மாற்றினால் போதும். ஊசி உள்துணியைத் துளைக்காமல் மேல்தோலோடு நிற்கட்டும்; உள்ளே நூல் முடிச்சு வந்தால் பெருவிரலை அறுக்கும்.

அபராதம் பற்றி: 2019 செப்டம்பரில் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தபோது, செருப்பு, லுங்கி, அரைக்கைச் சட்டைக்கெல்லாம் அபராதம் என்று செய்தி பரவியது. அப்படி எந்த விதியும் இல்லை என்று அதே மாதம் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரியின் அலுவலகம் தெளிவுபடுத்தியது. அபராதப் பயம் வேண்டாம். ஷூ உங்கள் காலுக்காக.

மகள் விஷயத்தில்தான் எங்களுக்கு உண்மையான கவலை. ஏழு வயதுப் பிள்ளையின் கால் பின் ஃபுட்ரெஸ்டுக்கு எட்டுகிறதா என்று இன்றே பாருங்கள். எட்டாத கால் தொங்கும். தூக்கக் கலக்கத்தில் உள்நோக்கிச் சாயும். குதிகால் பின்சக்கரக் கம்பிகளுக்கு நடுவே போய்விடும். எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம் இது, குதிகால் தோல் மொத்தமாகக் கழன்று வருவதும் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, ஃபுட்ரெஸ்ட், பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு ஆகியவற்றைக் கேட்கிறது. இந்தக் காப்பான சேலை கார்டு பெரும்பாலும் இடப்பக்கம்தான் இருக்கும். அழகு கெடுகிறது என்று சிலர் அதையும் கழற்றிவிடுகிறார்கள். உங்கள் வண்டியில் இருக்கிறதா? வலப்பக்கத்தில் சக்கரத்தின் கம்பிகள் திறந்திருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி அங்கேயும் கம்பிவலைக் காப்பு ஒன்று பொருத்துங்கள், சைலன்சரைத் தொடாதபடி. பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையின் கறுப்பு ஷூவில் வெல்க்ரோ பட்டை உள்ளதை வாங்குங்கள். கால் எட்டும்வரை அவளை இறக்கிவிடும் வேலையை ஸ்கூட்டருக்கோ பள்ளி வேனுக்கோ மாற்ற முடியுமா என்றும் வீட்டில் பேசுங்கள். ஹெல்மெட் அவளுக்கும் வேண்டும்.

உங்கள் மனைவி ஒருபக்கமாக உட்காருபவராக இருந்தால், குதிகாலைச் சுற்றிப் பக்கிளோடு வார் உள்ள, தட்டையான சோல் சாண்டலாவது போடட்டும். ஹீல்ஸ் ஃபுட்ரெஸ்டில் நிற்காது. இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் இறங்குவது எப்போதும் இடப்பக்கமாக இருக்கட்டும். வலப்பக்கம் இறங்கும்போதுதான் கெண்டைக்கால் சைலன்சரில் படுகிறது.